விமானப்படை நண்பர்களின் கடிதங்கள்: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் பாகம் பிரிக்கும்போதும், பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பழுது பார்க்கும்போதும், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானப்படைக் கடிதங்கள் அவ்வப்போது அகப்படுகின்றன. தாத்தாவோ தாத்தாவின் தம்பியோ விமானப்படையில் பிட்டராகவோ வயர்லெஸ் ஆபரேட்டராகவோ சில ஆண்டுகள் இருந்திருப்பார். ஸ்காட்லாந்திலிருந்தோ லாகூரிலிருந்தோ ஒரு நண்பர் அவருக்குப் பல்லாண்டுகள் விடாமல் எழுதியிருப்பார். இன்று வீட்டில் இருப்பவர்களுக்கோ அந்த நண்பர் யாரென்றே தெரியாது. அப்படிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்பதால், விடைகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

செட்டிநாட்டுக்கும் விமானப்படைக்கும் அப்படி என்ன தொடர்பு?

1942ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களைப் பார்த்தால் போதும். பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அதுவரை போரைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்த தமிழ் மாவட்டங்கள் திடீரென்று போர்முனைக்குப் பக்கத்து நாடாகிவிட்டன. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று பல இடங்களில் ஓடுதளங்கள் அமைந்தது அந்தப் போர்க்காலத்தில்தான். கானாடுகாத்தானை ஒட்டிய செட்டிநாடு ஓடுதளமும் அவற்றுள் ஒன்று. அதன் தடம் இன்றும் அங்கே கிடக்கிறது.

1932 அக்டோபர் 8 அன்று தோற்றுவிக்கப்பட்டு, மறு ஆண்டு கராச்சியில் ஒரேயொரு ஸ்குவாட்ரனோடு (விமானப் பிரிவோடு) பணியைத் தொடங்கிய இந்திய விமானப்படை, போர் முடியும்போது ஒன்பது ஸ்குவாட்ரன்களும் ஏறக்குறைய 28,500 பேரும் கொண்டதாக வளர்ந்திருந்தது. இவர்களில் விமானம் ஓட்டியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எஞ்சின் பார்த்தவர்கள், குண்டு ஏற்றியவர்கள், பாரசூட் மடித்தவர்கள், வயர்லெஸ் கேட்டவர்கள். ஆங்கிலம் படித்து, மெட்ரிகுலேஷன் முடித்து, வேலை தேடிக்கொண்டிருந்த நம் பக்கத்து இளைஞர்கள் பலர் போய்ச் சேர்ந்தது இந்த வேலைகளுக்குத்தான். ஆகவே உங்கள் தாத்தா பைலட் இல்லை என்று தெரிந்தால் ஏமாற வேண்டாம். நீண்ட காலம் எழுதிக்கொண்டவர்களில் தரைப்பணியாளர்களே அதிகம் என்பது நான் பார்த்த கட்டுகளிலிருந்து எனக்குப் பட்டது. தரையில் இருந்தவர்கள் உயிரோடு திரும்பினார்கள் என்பது அதற்கு எளிய காரணம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. காரைக்குடியில் கல்லூரிகளை நிறுவிய அழகப்பச் செட்டியார் லண்டன் குராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் பெற்றவர். போருக்குப் பின் டகோட்டா விமானங்களைக் கொண்டு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற நிறுவனத்தை நடத்தினார். போர் முடிந்து மிஞ்சிய டகோட்டாக்களையும் வேலை தேடிய முன்னாள் விமானப்படையினரையும் வைத்துத்தான் அக்காலத்து இந்திய விமான நிறுவனங்கள் பல ஓடின. 1946, 1947ஆம் ஆண்டுக் கடிதங்களில் விமானக் கம்பெனி வேலை பற்றிய விசாரிப்புகள் வந்தால் அதன் பின்னணி இதுதான்.

சில மாதங்களே ஒன்றாக இருந்தவர்கள் எப்படி நாற்பது ஆண்டுகள் எழுதிக்கொண்டார்கள்?

ஒரே தட்டில் உண்டார்கள், உயிருக்கு உயிராய் இருந்தார்கள் என்று இதற்கு உடனே ஒரு விடை சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் விமானப்படையில் குண்டுவீச்சு விமானங்களுக்குக் குழு அமைத்த முறையையே எடுத்துக்கொள்ளலாம். பைலட்டுகள், நேவிகேட்டர்கள், வயர்லெஸ் ஆபரேட்டர்கள், துப்பாக்கி வீரர்கள் எல்லோரையும் ஒரு பெரிய கொட்டகைக்குள் விட்டு, நீங்களே பேசி யார் யாரோடு பறப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் விதி வகுத்து வைத்திருந்த படையில் இந்த ஒன்று மட்டும் ஆட்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அப்படித் தேர்ந்துகொண்டவர்கள் ஒருவர் தவறினால் மற்றவர் சாக நேரும் என்ற நிலையில் பறந்தார்கள். ஐரோப்பியப் போர்முனையில் குண்டுவீச்சுப் பிரிவில் சேர்ந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. குறித்த எண்ணிக்கை முப்பது தாக்குதல்கள் என்றால், முப்பதும் முடிந்த அன்றே குழு கலைக்கப்பட்டு ஆளுக்கொரு திசைக்கு அனுப்பப்படும். கூடியிருந்த காலம் ஆறேழு மாதம் இருந்தால் அதிகம்.

ஆனால் நெருக்கம் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்குக் கடிதத்தைக் கொண்டு வந்துவிடாது என்பது என் எண்ணம். அவ்வளவு நெருக்கமாக இருந்து 1947க்குப் பிறகு ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதாதவர்களே மிகப் பலர். நீடித்த நட்புகளையும் அறுந்த நட்புகளையும் ஒப்பிட்டால் தெரிகிற வேறுபாடு மிகச் சாதாரணமானது: நீடித்தவற்றில் யாரோ ஒருவர் முகவரியைக் காப்பாற்றியிருக்கிறார். வீடு மாறியவுடன் எழுதியிருக்கிறார்; திரும்பி வந்த கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வேறு வழியில் மீண்டும் அனுப்பியிருக்கிறார்; மூன்றாவது நண்பரின் முகவரியையும் கடிதத்தின் ஓரத்தில் சேர்த்து எழுதியிருக்கிறார்.

இந்தப் பழக்கம் செட்டிநாட்டு வீடுகளில் ஏற்கெனவே ஊறியிருந்தது. ரங்கூன், மோல்மேன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று ஆண்கள் மூன்றாண்டுக் கணக்குக்குப் போய்விடுவதும், ஊரில் இருப்பவர்கள் கடிதம் வழியாகவே கொடுக்கல் வாங்கலையும் கல்யாணம் காட்சியையும் நடத்துவதும் தலைமுறைகளாக நடந்துவந்தவை. வந்த கடிதத்தில் வந்த தேதியைக் குறிப்பது, பதில் எழுதிய தேதியை அதன் கீழேயே குறிப்பது, ஆண்டுவாரியாகக் கட்டி வைப்பது ஆகியவை கடையில் கணக்குப் பார்த்துப் பெட்டியடியில் இருப்பவருக்கு இயல்பான வேலைகள். பர்மாவுக்கு எழுதிய கையே பர்மிங்ஹாமுக்கும் எழுதியது. அந்தக் கை பல வீடுகளில் ஆச்சியின் கை என்பதையும் சொல்ல வேண்டும்; ஆங்கிலத்தில் முகவரி எழுத மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு, நண்பரின் மனைவிக்கு ஆண்டுதோறும் பொங்கல் வாழ்த்து அனுப்பிய ஆச்சிகள் இருந்திருக்கிறார்கள்.

போர்க்காலத்தில் கடிதம் எந்த வழியாகப் போனது?

கப்பலில் போனால் இங்கிலாந்துக்கு மாதக்கணக்கில் ஆகும். மத்தியதரைக் கடல் அடைபட்டிருந்ததால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. வழியில் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். விமானத்திலோ எடைக்கு இடமில்லை. இதற்காக 1941இல் வந்ததுதான் ஏர்கிராப் என்ற முறை. ஒரு தனிப் படிவத்தில் பெரிய தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தால், அதை 16 மில்லிமீட்டர் பிலிமில் படம் எடுத்து, பிலிம் சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த நாட்டில் காகிதத்தில் அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுப்பார்கள். ஏறக்குறைய 50 பவுண்டு எடை வரக்கூடிய 1,600 கடிதங்கள் பிலிமில் 5 அவுன்ஸுக்குள் அடங்கின. உங்கள் கட்டில் உள்ளங்கை அகலத்தில், போட்டோ காகிதம் போல வழவழப்பாக, எறும்பு ஊர்ந்தது போன்ற சிற்றெழுத்தில் ஒரு தாள் இருந்தால் அது ஏர்கிராப். அதன் மூலப் படிவம் உலகில் எங்கும் இருக்காது. சரியாகப் போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுவது வழக்கம். 1945 ஜூலையோடு இந்த முறை நின்றது.

நாம் பின்னாளில் நீல நிறத்தில் பார்த்துப் பழகிய, ஒரே தாளை மடித்து ஒட்டும் விமானக் கடிதத் தாள் பிரிட்டிஷ் படையினருக்குக் கிடைக்கத் தொடங்கியதும் 1941இல்தான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கடிதம் என்றால் ஒரு சுவையான செய்தி உண்டு. 1943 முதல் 1945 வரை பெர்த் நகரத்துக்கும் இலங்கையின் கொக்கலைக்கும் இடையே கேட்டலினா நீர்விமானங்கள் எங்கும் இறங்காமல் 27 முதல் 33 மணி நேரம் பறந்தன. பயணிகள் மூன்று பேர், தபால் 69 கிலோ, அதற்கு மேல் இடமில்லை. ஒரே பறப்பில் இரண்டு முறை சூரியோதயம் பார்த்ததற்காகப் பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். படையினரின் தபால் அந்த 69 கிலோவுக்குள்தான் அடங்கி வந்தது.

கடிதத்தில் உருப்படியாக ஒன்றுமே இல்லையே? நலம், மழை, சாப்பாடு என்றுதான் இருக்கிறது.

வேறு எதையும் எழுத அனுமதி இல்லை. இருக்கும் இடம், ஸ்குவாட்ரனின் நகர்வு, விமானத்தின் வகை, இழப்புகள் ஆகிய எதையும் எழுதக் கூடாது. சாதாரண வீரர்களின் கடிதத்தை அவர்களுடைய பிரிவு அதிகாரியே படித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் உறை ஒட்டப்படும். மீறி எழுதிய வரியைப் பிளேடால் வெட்டி எடுத்துவிடுவார்கள், அல்லது கறுப்பு மையால் அழித்துவிடுவார்கள். கடிதத்தின் தலைப்பில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ‘இந்தியாவில் எங்கோ ஓரிடம்’ என்று ஆங்கிலத்தில் இருப்பது இதனால்தான். தன் மேலதிகாரி படிக்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதப்பட்ட கடிதத்தில் மனம் திறந்த பேச்சை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இருந்தாலும் அந்தச் சாதாரணக் கடிதங்களை மேலோட்டமாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். யார் பெயர் எப்போது முதல் கடிதத்தில் வராமல் போகிறது என்று பாருங்கள். ‘எல்லோரும் உன்னை விசாரித்தார்கள்’ என்று எழுதி ஐந்து பெயர் சொன்னவர், அடுத்த கடிதத்தில் நான்கு பெயர் மட்டும் சொன்னால், ஐந்தாமவருக்கு என்ன ஆயிற்று என்று பெறுபவர் புரிந்துகொண்டார். ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத கடிதத்தில் எதைத் தேட வேண்டும் என்பது, வெளிநாட்டில் ஆள் வைத்திருந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரங்கூனைப் பற்றி அடிக்கடி எழுதியிருக்கிறாரே, ஏன்?

1945 மே மாதத் தொடக்கத்தில் ரங்கூன் மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1942இல் கடையையும் கணக்குப் பெட்டியையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பலர் கால்நடையாகவே ஊர் திரும்பியிருந்தார்கள். மூன்றாண்டுகளாக அங்கிருந்து ஒரு சேதியும் இல்லை. அங்கே போய் இறங்கிய முதல் ஆட்களில் விமானப்படையினரும் இருந்தார்கள். ஆகவே அங்கிருந்த ஒரு பிட்டருக்கோ அவருடைய ஆங்கிலேய நண்பருக்கோ காரைக்குடியிலிருந்து கடிதம் போனால், செட்டியார் கடைகள் நிறைந்திருந்த மொகல் தெருவைப் போய்ப் பார்த்து எழுதும்படி கேட்காமல் இருந்திருப்பார்களா?

பள்ளத்தூர் வீடொன்றில் இப்படி ஒரு பதிலைப் பார்த்தேன். எழுதியவர் ஆங்கிலேயர், நண்பர் சொன்ன கதவிலக்கத்தைத் தேடிப் போயிருக்கிறார். கட்டடம் நிற்கிறது, கதவும் ஜன்னலும் இல்லை, மாடிப்படியின் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதிவிட்டு, கீழே பென்சிலால் தெருவின் படம் ஒன்றும் போட்டு, எந்த வீடு என்பதைக் காட்ட ஒரு சிறிய பெருக்கல் குறி இட்டிருக்கிறார். அந்தக் குறிமேல் வீட்டுப் பெரியவர் யாரோ தமிழில் ‘நமது’ என்று எழுதி வைத்திருக்கிறார்.

1945, 1946 கடிதங்களில் ‘என் குரூப்’ என்று ஓர் எண் வருகிறதே?

போர் முடிந்ததும் வயதையும் பணிக்காலத்தையும் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு குரூப் எண் கொடுத்து, அந்த வரிசையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வரிசை மிக மெதுவாக நகர்ந்தது. பொறுமை இழந்த பிரிட்டிஷ் விமானப்படையினர் 1946 ஜனவரியில் கராச்சியிலும் கான்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைநிறுத்தமே செய்தார்கள். எண் முன்னேறியதா என்பதுதான் அக்காலக் கடிதங்களின் பெரிய செய்தி.

நண்பர் லாகூர்க்காரர். 1947க்குப் பிறகும் எழுதியிருக்கிறார்கள். அது எப்படிச் சாத்தியம்?

பிரிவினையின்போது ஸ்குவாட்ரன்களும் விமானங்களும் ஆட்களும் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே கொட்டகையில் ஒரே எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய இருவர் ஒரு வாரத்துக்குள் இரண்டு நாட்டு விமானப்படைகளில் இருந்தார்கள். அதிகாரப்பூர்வமாக அவர்கள் இப்போது எதிரெதிர்ப் பக்கம். ஆனால் தபால் போய்க்கொண்டுதான் இருந்தது. 1965 போரிலும் 1971 போரிலும் தடைபட்டது. 1971இல் நின்றது 1974 உடன்பாட்டுக்குப் பிறகே மீண்டது. உங்கள் கட்டில் இந்த ஆண்டுகளில் இடைவெளி இருந்தால் நட்பு முறிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அக்காலத்தில் சிலர் லண்டனில் உள்ள மூன்றாவது நண்பருக்கு அனுப்பி, அவர் உறை மாற்றி அனுப்பியிருக்கிறார். நடுவில் ஆங்கிலேய முகவரியோடு ஓர் உறை இருந்து, உள்ளே எழுத்து லாகூர் நண்பருடையதாக இருந்தால் அதுதான் விளக்கம்.

இந்தப் பழைய பழக்கம் உயர்மட்டத்தில் எவ்வளவு உதவியது என்பதற்குப் பொதுவெளியில் பதிவான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1965இல் கட்ச் ரண் பகுதியில் இரு நாட்டுத் தரைப்படைகளும் மோதிக்கொண்டபோது, பாகிஸ்தான் விமானப்படைத் தளபதி அஸ்கர் கான், இந்திய விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங்கை நேராகத் தொடர்புகொண்டு, இரு விமானப்படைகளும் இதில் இறங்காமல் இருக்கலாம் என்று யோசனை சொன்னார். இருவரும் பிரிவினைக்கு முன் ஒரே இந்திய விமானப்படையில் பர்மாப் போர்முனையில் பறந்தவர்கள். கட்ச் மோதலில் விமானப்படைகள் இறங்கவில்லை. அஸ்கர் கான் ஜூலையில் ஓய்வு பெற்றார். செப்டம்பரில் முழுப் போர் வந்தபோது இரு விமானப்படைகளும் கடுமையாகவே மோதின. நட்பு போரைத் தடுத்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் இருப்பவரின் வார்த்தையை நம்பலாம் என்று ஒரு தளபதிக்குத் தெரிந்திருந்தது என்ற அளவில்தான் சொல்லலாம்.

எதிரி நாட்டு வீரர்களே நண்பர்களானதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நன்கு பதிவான நிகழ்ச்சி ஒன்று போதும். 1943 டிசம்பர் 20 அன்று ஜெர்மனியின் பிரேமன் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்பிய சார்லி பிரவுன் என்ற இளம் அமெரிக்க விமானியின் பி-17 விமானம் சல்லடையாகத் துளைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒருவர் இறந்து, பலர் காயப்பட்டுக் கிடந்தார்கள். அதைச் சுட்டு வீழ்த்த மேலெழுந்த ஜெர்மன் விமானி பிரான்ஸ் ஸ்டிக்ளர், பக்கத்தில் வந்து உள்ளே இருப்பவர்களின் நிலையைப் பார்த்தபின் சுடவில்லை. கடல் வரை கூடவே பறந்து வழிவிட்டு, கையசைத்து வணங்கித் திரும்பினார். தெரிந்தால் அவருக்கு மரண தண்டனைகூடக் கிடைத்திருக்கும். ஆகவே அவர் வாய் திறக்கவில்லை. பிரவுனின் மேலதிகாரிகளும் இதை வெளியில் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஸ்டிக்ளர் 1953இல் கனடாவில் குடியேறினார். பிரவுன் அமெரிக்காவில் ஓய்வு பெற்றபின் அந்த ஜெர்மானியரைத் தேடத் தொடங்கி, சில ஆண்டுகள் ஆவணக்காப்பகங்களில் அலைந்தும் பயனில்லாமல், முன்னாள் போர் விமானிகளின் சங்க இதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 1990இல் கனடாவிலிருந்து ஸ்டிக்ளரின் கடிதம் வந்தது. தொலைபேசியில் பேசியபோது, பிரவுன் சொல்லாத விவரங்களையும் அவர் சொன்னதால் ஆள் இவர்தான் என்று உறுதியானது. அதன்பின் இருவரும் நெருங்கிய நண்பர்களாக இருந்து, 2008ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மறைந்தனர். இதில் எல்லோரும் வியப்பது வானத்தில் நடந்ததைத்தான். ஏறக்குறைய 46 ஆண்டுகள் கழித்துச் சங்க இதழில் வந்த சில வரிகளை எடுத்துவிட்டால் இந்தக் கதையே இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கம்பளிப்புழு, தங்கமீன் என்றெல்லாம் சங்கப் பெயர்கள் வருகின்றன. கேலியா?

கேலியும் கலந்த உண்மையான சங்கங்கள். விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்து உயிர் தப்பியவர்களுக்குக் கம்பளிப்புழுச் சங்கம்; பாரசூட் புழு நூற்கும் பட்டால் ஆனது என்பதால் அந்தப் பெயர். பாரசூட் தயாரித்த லெஸ்லி இர்வின் 1922இல் தொடங்கியது. கடலில் விழுந்து ரப்பர்ப் படகால் பிழைத்தவர்களுக்கு 1942இல் தங்கமீன் சங்கம் வந்தது; போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் அதன் சின்னம் துணியில் தைக்கப்பட்டது. உங்கள் கட்டில் சிறிய துணிச் சின்னத்தில் மீன் ஒன்று சிறகோடு இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இவற்றுள் மனத்தைத் தொடுவது 1941இல் இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் தொடங்கிய கினிப் பன்றிச் சங்கம். விமானத் தீயில் முகமும் கைகளும் வெந்துபோய், ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவரின் புதிய முறைகளுக்குச் சோதனை விலங்கைப் போலத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் அதன் உறுப்பினர்கள்; மொத்தம் 649 பேர். பணத்தோடு ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கால் வெந்தவரைப் பொருளாளராகவும், நீளமாகக் குறிப்பெழுதித் தொல்லை கொடுக்கக் கூடாது என்பதற்காக விரல் வெந்தவரைச் செயலாளராகவும் போட்டார்கள். 2007 வரை ஆண்டுதோறும் கூடினார்கள்.

இந்தியாவில் 1980 முதல் விமானப்படைச் சங்கம் இருக்கிறது.

தாத்தாவின் நண்பர் யாரென்று கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் படை எண்ணைத் தேடுங்கள். ஒரே பெயரில் ஐம்பது பேர் இருக்கலாம், எண் ஒருவருக்கே உரியது. கடிதத்தின் பின்புறத்தில், அனுப்புநர் பெயருக்கு முன்னால் இருக்கும் நீண்ட எண் அதுதான்.

தாத்தா பறந்தவராக இருந்து லாக் புத்தகம் கிடைத்தால் நல்ல காலம். ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, விமானத்தின் வகையும் எண்ணும், பைலட் பெயர், பின்னர் இரண்டாம் பைலட் அல்லது பயிற்சி பெறுபவர் அல்லது பயணி என்று ஒரு பத்தி, அதன்பின் வேலை விவரம் என்று வரிசையாக இருக்கும். இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். அந்த இரண்டாம் பைலட் பத்தியைத்தான் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பெயர்தான் பெரும்பாலும் கடிதக் கட்டில் இருக்கும் பெயர்.

ஸ்குவாட்ரன் எண் தெரிந்துவிட்டால், பிரிட்டிஷ் விமானப்படை ஸ்குவாட்ரன்களின் நாள்வாரிப் பணிப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இருக்கின்றன. எந்த நாள், எந்த விமானம், உள்ளே யார் யார், எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று அவற்றில் இருக்கும். இந்திய விமானப்படை ஆட்களைப் பற்றி விசாரிக்கச் சிவகங்கையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். எந்த அலுவலகத்துக்கு எந்த மாதிரி மனு என்று அவர்களே சொல்வார்கள். இறப்புச் சான்றும் உறவுமுறைச் சான்றும் கையில் இருக்கட்டும்.

கடிதங்கள் 1944இல் திடீரென்று நின்றுவிடுகின்றன. இறந்துவிட்டாரா?

இருக்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். தென், கிழக்கு ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் காணாமற்போய்க் கல்லறையே இல்லாத விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. பர்மாவில் புதைக்கப்பட்டவர்கள் பலர் யாங்கோனுக்கு (அன்றைய ரங்கூனுக்கு) வடக்கே டாக்கியான் கல்லறையில் இருக்கிறார்கள். தென்னிந்தியாவில் நோயாலோ விபத்தாலோ இறந்தவராக இருந்தால் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் தேடுங்கள். பல ஊர்களில் தனித்தனியாகக் கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்த்து 1952இல் அமைத்தது அது. பட்டியலில் எங்குமே பெயர் இல்லை என்றால், முகவரி தொலைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நண்பரின் பிள்ளைகளுக்கு எழுதலாமா? கடிதங்களை வெளியிடலாமா?

எழுதலாம், பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே பதில் வருகிறது. முதல் கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். நீங்கள் யார், உங்களிடம் என்ன இருக்கிறது, எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது என்பதோடு ஒரு பக்கத்தின் நகலை மட்டும் வைத்து அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடாதீர்கள். தந்தை போரைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை என்ற குடும்பங்கள் உண்டு. அவர்கள் விரும்பும் அளவுக்கே சொல்லலாம். யாருடைய மரணத்தைப் பற்றியாவது அதில் எழுதியிருந்தால், கேட்காமல் அதை முதலில் அனுப்ப வேண்டாம்.

வெளியிடுவது வேறு. தாள் உங்களுடையது, எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாள்களை எப்படிப் பாதுகாப்பது? லேமினேட் செய்துவிட்டால் நல்லதல்லவா?

லேமினேட் செய்யவே கூடாது. செலோ டேப்பும் கூடாது. இரண்டையும் பின்னால் நீக்க முடியாது, டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். குண்டூசி, துருப்பிடித்த கிளிப் எல்லாவற்றையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். மடிப்பைப் பிரித்து, தூய பருத்தித் துணியிலோ அமிலமற்ற காகிதத்திலோ சுற்றி, காற்றோட்டமான மர அலமாரியில் வையுங்கள். நம் வீடுகளில் பட்டாலை என்ற கூடத்துக்கு உள்ளே இருக்கும் அறைகள் வெயில் படாமல் குளிர்ச்சியாக இருப்பவை, அதனால் அவை ஏற்றவை. இரும்புப் பெட்டியும் மாடிக் கொட்டகையும் ஆகாது. கறையானும் ராமபாணப் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து பாருங்கள். ஏர்கிராப் தாளைத் தனியே வையுங்கள், அது போட்டோவைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

உறையில் உள்ள தபால்தலைகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உறையைப் போட்டுவிடலாமா? காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கேட்கிறார்கள்.

வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தபால்தலைக்குக் கிடைக்கும் விலை சொற்பம். உறையில்தான் முத்திரையின் தேதி, தணிக்கை முத்திரை, படை எண், அடித்து அடித்து மாற்றி எழுதிய முகவரிகள் எல்லாம் இருக்கின்றன. உள்ளே இருக்கும் கடிதத்தில் தேதியே இல்லாமல் ‘செவ்வாய்க்கிழமை மாலை’ என்று மட்டும் இருப்பது மிகச் சாதாரணம்; உறை போய்விட்டால் அது எந்த ஆண்டுச் செவ்வாய்க்கிழமை என்று சொல்ல முடியாது. விற்றே ஆக வேண்டுமென்றால், கடிதத்தையும் உறையையும் சேர்த்து, இரு பக்கமும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, முழுக் கட்டாக ஒரே ஆளுக்கு விற்றுவிடுங்கள்.